அரைப்பேர்

கந்தப்பளை கூட்டுறவு மண்டபத்தில்
மூன்று மணிக்கென்ற கூட்டம்
மழையால் நாலரைக்குத் தொடங்கியது.
மேசையில் இரண்டு மைக்.
ஒன்று வேலை செய்யவில்லை.
மற்றதன் பக்கத்தில் நான்:
அவர்களின் சிங்களத்தைத் தமிழாக்க,
இவர்களின் தமிழைச் சிங்களமாக்க,
பிரதேச செயலகம் அனுப்பிய ஆள்.

முதல் வசனத்திலேயே வழுக்கினேன்.
அதிகாரி சொன்ன சொல்லுக்கு
என் கையேட்டில் இருந்தது 'வேளாண் சூழலியல்'.
சொன்னேன்.
கொழுந்துச் சாக்கை மடித்து மடியில் வைத்திருந்தவர்கள்
நிற்காமல் போன பஸ்ஸைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்கள்.
"மருந்தும் சீமை உரமும் இல்லாமச் செய்றது" என்றேன்.
ஆ, அதுவா, என்றது மண்டபம்.

அந்த 'அதுவா'வுக்குள் ஒரு வருசம் கிடந்தது,
ஒரே ராத்திரியில் உரம் நின்ற வருசம்.

அமரகோன் எழுந்தார். ராகலையில் ஒன்றரை ஏக்கர்,
லீக்ஸும் கிழங்கும்.
"அந்தப் போகம் என் கிழங்கு
பையன்கள் உருட்டுகிற போளை அளவு.
மனைவியின் வளையல் அன்றைக்கு அடகு போனது.
இன்னும் வீடு திரும்பவில்லை."
நான் தமிழில் 'அடகு' என்று முடிக்குமுன்
பின்வரிசை தலையாட்டிவிட்டது.

ஹிருணி, மண்ணைப் படித்த பெண்,
ஒரே ராத்திரியில் இல்லை என்றாள்.
ஐந்து வருசம், முதலில் ஒரு மூலை மட்டும்,
நட்டம் வந்தால் அரசு பாதி.
எழுதித் தருவீர்களா என்றார் அமரகோன்.
அவள் அதிகாரியைப் பார்த்தாள்.
அதிகாரி மழையைப் பார்த்தார்.

பிறகு இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் ஊற்றி
ஒவ்வொன்றிலும் ஒரு மண்கட்டி போட்டாள்.
ஒன்று உடனே கரைந்து சேறானது.
மற்றது உள்ளே போய்
சும்மா உட்கார்ந்துகொண்டது.

மருதை பேசினான்.
பத்தொன்பது வருசம் முதுகில் மருந்து டாங்கி.
"நின்னா எனக்கு நல்லதுங்க.
குளிக்காம புள்ளைய தூக்கலாம்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

சடையம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"மருந்தடிக்காட்டி புல்லு வரும்.
புல்லுக்குள்ள அட்டை வரும்.
தேயிலைக்குள்ள கால வச்சு நடந்து
பதினெட்டு கிலோ எப்படிங்க எடுக்கிறது?
பதினேழரை எடுத்தா அரைப்பேர்.
புல்லு வளர்றதுக்கு அஞ்சு வருசம் குடுக்கிறீங்க.
கிலோவக் கொறைக்க
எத்தன வருசம்?"

அரைப்பேர். 'அரை நாள் சம்பளம்' என்று
சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
ஆனால் பேரைப் பாதியில் ஒடித்து
ஒருத்தி கையில் கொடுப்பதை
நான் சொல்லவில்லை.

துரைமார் சங்கத்திலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.
அவர்களுக்குப் போட்ட மூன்று நாற்காலியில்
குடைகள் காய்ந்தன.

கடைசியாக அதிகாரி உருகினார்.
"அபே மண்" என்றார், கையை நெஞ்சில் வைத்து.
சிங்களத்தில் அது ஒரே வாசல்.
தமிழில் இரண்டு:
'எங்கள் மண்' என்றால் கேட்கிறவர் வெளியே.
'நம் மண்' என்றால் எல்லோரும் உள்ளே.
எதிரே இருநூறு வருசமாய்
உறுதி கிடைக்காத லயங்கள் உட்கார்ந்திருந்தன.
மைக் இரைந்தது.
'மண்' என்று மட்டும் சொன்னேன்.

தீர்மானம்: அடுத்த மாதம் மறுபடி கூடுவது.

தேநீர் வந்தது. தூள் தேயிலை, சீனி அதிகம்.
சடையம்மா மேசைக்கு வந்து
கரையாத கட்டியைக் குனிந்து பார்த்தாள்.
"இது எந்த மலை மண்ணு?"
போத்தலில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்:
கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம், பின்புறம்.

அவள் சாம்பலும் சாணியும் கொட்டி
போஞ்சி நட்டிருக்கும் இடம்.
தோட்டக் கணக்கில் வெறும் பற்றை.

நிமிர்ந்தாள்.
"யாரைக் கேட்டு அள்ளுனீங்க?"

இதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
ஹிருணி பக்கம் திரும்பினேன்.
ஒரு சொல் விடாமல் சொன்னேன்.